பயந்து பயந்து வந்தவர்கள்

ஆலய நூற்றாண்டு மலர்களில் வரும் மிஷனரிக்கு ஒருபோதும் வயிற்றோட்டம் வருவதில்லை.

முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் இத்தகைய மலர்கள் பலவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வேண்டியவர்கள் கேட்டபோது சிலவற்றுக்கு அச்சுப்படி திருத்திக் கொடுத்தும் இருக்கிறேன். முதற்பக்கத்தில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் தாடி வைத்த ஒரு முகம். அதன் கீழே நான்கு வினைச்சொற்களில் ஒரு முழு வாழ்க்கை: வந்தார், கற்பித்தார், கட்டினார், மறைந்தார். வந்த அன்று இரவு அவர் உறங்கினாரா, காலில் ஏறிய அட்டையைப் பார்த்து அலறினாரா, முதற் பிரசங்கத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதா என்பவையெல்லாம் மலர்க் குழுவினருக்கு வேண்டாத விடயங்கள்.

எனக்கு அவைதான் வேண்டியிருக்கின்றன. நான் கிறிஸ்தவன் அல்லன். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, மாரியம்மன் கோவில் திருவிழாவில் காவடிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவன். ஆனால் எங்கள் தோட்டத்தில் கோவிலுக்குக் கீழே ஒரு சிறு ஜெபக்கூடமும் இருந்தது. அதற்கு வந்து போன உபதேசியார்மாரை ஐந்தாறு பேரையாவது சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பின்னர் பேராதனையில் வரலாறு பயின்ற காலத்தில், அந்த உபதேசியார்மாருக்கு முன்னோர் யார் என்று தேடும் ஆர்வம் ஏற்பட்டது. அவ்வாறு தேடியபோதுதான், நம் நாட்டில் மிஷன் பணியின் மிக முக்கியமான மனிதர் ஒருவரின் கதையே வயிற்றோட்டத்தில் தொடங்குகிறது என்பதை அறிந்தேன்.

அவர் யோசப் வாஸ் அடிகளார். 1651 இல் கோவாவில் பிறந்தவர். இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது. கத்தோலிக்கக் குருமாருக்கு நாட்டில் இடமில்லை. 1687 இல், ஜோன் என்ற ஒரே ஒரு துணையாளனுடன், கூலியாளின் வேடத்தில் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்று சொல்வது எளிது. கடற்பயணத்தில் பட்டினி கிடந்து, வயிற்றுக்கடுப்பில் எழுந்து நிற்க முடியாத நிலையில் அவர் கரையேறினார். நோய் தங்களுக்கும் தொற்றிவிடும் என்று அயலார் அஞ்சி ஒதுங்கிய வேளையில், ஓர் ஏழைப் பெண் கஞ்சி கொடுத்து அவரைக் காப்பாற்றினாள் என்று அவரது வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பிரசங்கிக்க வந்தவர் முதலில் செய்த காரியம், இன்னொருவர் வீட்டுக் கஞ்சிக்குக் கை நீட்டியது. பிறகு கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அந்த மாலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டு மறைந்திருந்த கத்தோலிக்கரை இனங்கண்டார்.

1692 இல் மலையேறிக் கண்டிக்கு வந்தபோதும் வரவேற்புக் கிட்டவில்லை. போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் வைத்தான். சிறையிலிருந்த காலத்தில் அவர் சிங்களம் கற்றார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, இவர் ஓடாமல் இருந்து பணிவிடை செய்தார். 1711 சனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015 சனவரி 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நோயாளியை விட்டு ஓடாதவரைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் அவரது திடத்தைப் புகழ்கின்றனர். அது நியாயமே. எனினும், நோயாளியாகக் கிடந்து ஊராரால் ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவர் பத்து வருடங்களுக்கு முன்னரே அறிந்திருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கிறிஸ்தவத்தின் முதற்பெரும் மிஷனரியான பவுல்கூட, கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதற் கடிதத்தில், தாம் அவர்களிடம் வந்தபோது நடுக்கத்தோடு வந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவ நண்பர்கள் இந்த இடத்தை என்னைவிட நன்கு அறிவர். ஆனால் நூற்றாண்டு மலர்களில் இதை மேற்கோளாகக் கண்ட நினைவு எனக்கில்லை.

1814 இல் வந்த வெஸ்லியன் மெதடிஸ்த இளைஞர்களின் கதை இன்னும் பரிதாபமானது. அவர்களை அழைத்து வந்த தலைவர் தோமஸ் கோக், வழியில் 1814 மே 3 ஆம் திகதி கப்பலிலேயே இறந்துபோனார். பணத்துக்குரிய ஏற்பாடுகள் அனைத்தும் அவர் பெயரில் இருந்தன. அறியாத கரையில், கையில் காசில்லாமல் நின்ற அவர்களுக்குப் பம்பாயில் ஓர் ஆங்கில வணிகர் கடன் கொடுத்து உதவினார். அவருடைய பெயர் மனி! இதை நான் கற்பனை செய்யவில்லை. அந்தக் குழுவில் வில்லியம் ஓல்ட் என்பவரின் இளம் மனைவி கடலிலேயே காலமாகி, கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தத் துயரோடு தனியாக மட்டக்களப்புக்குச் சென்ற ஓல்ட், பாடசாலைகளைத் தொடக்கி, 1815 ஏப்ரலில் நோயுற்று இறந்தார். ஒரு வருடம்கூட முடியவில்லை. மட்டக்களப்பில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. சிலை நிமிர்ந்து நிற்கிறது. சிலைகளுக்கு அதுதானே வேலை. ஒவ்வொரு முறையும் அதைக் கடந்து செல்லும்போது, மட்டக்களப்பில் கழித்த முதலிரவில் அந்த மனிதர் யாரிடம் பேசியிருப்பார் என்றுதான் யோசிப்பேன்.

இனி எங்கள் மலைக்கு வருவோம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867 இல். கோப்பிக்கு நோய் வந்தது 1869 இல். அதற்கெல்லாம் முன்னரே, 1854 இல், அங்கிலிக்கன் சபையின் சார்பில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். கடவுளின் பணிக்கும் 'கூலி' என்ற அடைமொழி தேவைப்பட்ட காலம்! இந்த மிஷனுக்கு ஊழியம் செய்ய வந்த உபதேசியார்மார் பலர் திருநெல்வேலித் தமிழர்கள். தொழிலாளர் கடந்த அதே கடலைக் கடந்து அவர்களும் வந்தனர். மொழி ஒன்றுதான் என்றாலும் நாடு வேறு, குளிர் வேறு, அதிகாரம் வேறு.

அதிகாரம் என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்த மிஷன் வேண்டுமென்று முன்னின்று கேட்டவர்களும், செலவுக்குச் சந்தா கொடுத்தவர்களும் தோட்டத் துரைமாரே. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதி இல்லாமல் அந்நியர் எவரும் லயத்துக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே உபதேசியாருக்குக் காட்டு விலங்கைவிட, காய்ச்சலைவிட, பெரியதொரு பயம் காத்திருந்தது. பெரட்டுக்களத்தில் ஒரு தொழிலாளியின் முதுகில் பிரம்பு விழுவதைப் பார்த்தால் அவர் என்ன செய்வார்? சம்பளம் பிடித்து வைக்கப்பட்ட கதையைக் கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்? சொல்லவேண்டிய இடம், சந்தா வாங்கும் இடம். வாஸ் அடிகளாருக்குத் தொடக்கத்தில் எந்த அரசனும், எந்தத் துரையும் ஆதரவாக இல்லை. அது அவரது துன்பம், அதுவே அவரது சுதந்திரமும். உபதேசியாருக்கு ஆதரவு இருந்தது. அதனாலேயே வாய் கட்டப்பட்டிருந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இருவரையும் ஒரே மலரில் ஒரே மாலையால் அலங்கரிப்பது சரியன்று என்பது என் கருத்து.

அந்தப் பயம் வீண்பயம் என்றும் சொல்ல முடியாது. தோட்டத்தில் வாய் திறந்த வெளிநாட்டவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு 1937 இல் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் சாட்சியானார். அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தொழில் பழக வந்த இளைஞர் அவர். மிஷனரி அல்லர், இடதுசாரி. தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது வேறு கதை. வெள்ளையருக்கே இந்த நிலை என்றால், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார் எம்மாத்திரம்?

இவ்வளவும் ஏடுகளில் படித்தது. நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்வதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன்.

2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென் தமிழகத்திலிருந்து ஓர் இளைஞர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஊழியம் செய்ய வந்தார். வயது இருபத்து நான்கு இருக்கும். பெயரும், சபையும், தோட்டமும் இங்கு வேண்டாம். ஹட்டனில் நான் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்த காலம். பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த தேநீர்க்கடையில் அறிமுகமானார். திருநெல்வேலி வழக்கப்படி என்னை 'அண்ணாச்சி' என்று அழைத்தார். அந்தச் சொல்லை அதற்கு முன் சினிமாவில்தான் கேட்டிருந்தேன்.

இரண்டாவதோ மூன்றாவதோ சந்திப்பில், நான் கேட்காமலேயே சொன்னார்:

"அண்ணாச்சி, உள்ளதச் சொல்லணும்னா எனக்கு இங்க எல்லாத்துக்கும் பயமா இருக்கு. ஊருக்குக் கடுதாசி எழுதும்போது மட்டும் தைரியமா எழுதுதேன்."

அட்டைக்குப் பயம். காலையில் சப்பாத்துக்குள் காலை விடுவதற்கு முன் மூன்று தடவை தட்டிப் பார்ப்பாராம். சோதனைச் சாவடிகளுக்குப் பயம். போர்க்காலம் அல்லவா? பஸ்ஸை நிறுத்தி இராணுவச் சிப்பாய் சிங்களத்தில் கேட்கும் கேள்வி விளங்காமல், கடவுச்சீட்டை நீட்டும்போது கை நடுங்குவது சிப்பாய்க்கும் தெரியும், அவர் இன்னும் கூர்ந்து பார்ப்பார். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றையும்விடத் தன்னை அதிகமாகப் பயமுறுத்துவது ஒரு சொல் என்றார்.

அந்தச் சொல் 'சரிங்க'.

"நான் என்ன சொன்னாலும் சரிங்கன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. ஜெபம் பண்ணலாமான்னா சரிங்க. பிள்ளைகள அனுப்புங்கன்னா சரிங்க. யாரும் வரமாட்டாங்க. ஒருத்தர்கூட எங்கிட்ட இல்லைன்னு சொன்னதில்ல. நான் இவங்களுக்கு யாருன்னே எனக்குத் தெரியல."

அந்த 'சரிங்க' எனக்குத் தெரியும். என் தந்தையார் அதைத் துரையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், தேர்தல் காலத்தில் லயத்துக்கு வரும் கட்சிக்காரரிடமும் சொல்வார். நூற்றைம்பது வருடங்களாக எங்கள் மக்கள் கையில் வைத்திருக்கும் ஒரே கேடயம் அது. 1948 இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டபோதும், 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென்று பிரித்து ஒதுக்கியபோதும், எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதற்கென்று உருவான சொல் அது. இதை நான் அவருக்கு விளக்கினேன். அவர் இன்னும் பயந்துபோனார்.

அவர் டோனாவூருக்கு அருகில் வளர்ந்தவர். ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைத் தாய்ப்பாலோடு குடித்தவர். அயர்லாந்திலிருந்து வந்து, கோவில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளுக்குத் தாயாகி, 55 வருடங்கள் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1951 இல் டோனாவூரிலேயே கண்மூடிய அம்மையார். "அவுங்க எங்க, நான் எங்க" என்றார். அந்த அம்மையார் நம் கம்பஹாவில் இருந்திருக்கிறாரே, தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. 1893 இல் அவர் முதலில் சென்றது ஜப்பானுக்கு. அங்கே 15 மாதங்கள்தான் தாக்குப்பிடித்தார். நரம்புவலி அவரைப் படுக்கையில் தள்ளியது. ஓய்வுக்காகச் சீனாவுக்குப் போய், அங்கிருந்து 1894 இல் இலங்கைக்கு வந்து, அக்காலத்தில் ஹெனரத்கொட என்று அழைக்கப்பட்ட கம்பஹாவில் சில மாதங்கள் தங்கி, பின்னர் பிரித்தானியாவுக்கே திரும்பிப் போனார். அடுத்த வருடந்தான் இந்தியாவுக்கு வந்தார். அந்த 55 வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு தடுமாற்றம் இருந்தது. இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத எங்களுக்கு யாரும் சொல்லல அண்ணாச்சி" என்றார்.

அந்த வருடம் ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25 இற்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலொன்றால் படுகொலை செய்யப்பட்டனர். அதைத் தொடர்ந்து தலவாக்கலையும் ஹட்டனும் கொதித்தன. ஊரடங்கு. நான் நித்திரையின்றிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. ஒரு வாரத்தின் பின்னரே நடந்ததை அறிந்தேன்.

ஊரடங்கு வந்த அன்று அவருக்குக் கடும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டிருக்கின்றன. தங்கியிருந்த அறையிலிருந்து வெளியே வந்தவர், லயத்து வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார். அந்தக் காம்பராவில் இருந்தவர் ஓய்வு பெற்ற தொழிலாளியான ஒரு மூதாட்டி. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். கதிர்காமத்துக்கு விரதம் இருப்பவர். அந்த இளைஞரின் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு நாளும் போகாதவர், போகிறேன் என்று 'சரிங்க' மட்டும் சொல்லி வந்தவர். நான்கு நாட்கள் அவரை இஸ்தோப்பில் படுக்கவைத்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, கஞ்சி ஊட்டி, அழுக்குத் துணியை அவரே பீலிக்கரையில் அலசியிருக்கிறார். இளைஞர் வெட்கத்தில் அழுதாராம். "அழுவாத ராசா, வயிறுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாராம் கிழவி.

அதன் பிறகு 'சரிங்க' குறையத் தொடங்கியது என்று அவரே என்னிடம் சொன்னார். முதன்முதலில் ஒரு தாய், "இல்லீங்க, இன்னைக்குப் புள்ளைய அனுப்ப ஏலாது, கொழுந்து நெறைய இருக்கு, வீட்ல ஆள் வேணும்" என்றபோது, அவருக்குப் பெரிய பரிசு கிடைத்தது போல் இருந்ததாம்.

கதையை இங்கே முடித்தால் அதுவும் ஒரு நூற்றாண்டு மலர்க் கதையாகிவிடும். மேலும் நடந்தது.

2001 இல் அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருவரைக் குளவிகள் கொட்டின. தேயிலை மலையில் இது புதிதன்று, இன்றும் நடக்கிறது. ஆனால் அன்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல லொறி வருவதற்கு நெடுநேரமானது. கொழுந்து ஏற்றப் போயிருந்ததாம். பெண் வழியிலேயே இறந்துபோனார். மூன்று பிள்ளைகள். லொறி ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டும், குடும்பத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மக்கள் பேசினார்கள். யார் துரையிடம் பேசுவது? 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பின்னரும், மனேஜர் எங்களுக்குத் 'துரை'தான். அந்தத் துரை இந்த இளைஞரை மாதம் ஒருமுறை பங்களாவுக்கு அழைத்துத் தேநீர் கொடுப்பது வழக்கம். ஆகவே, "நீங்க சொன்னா தொரை கேப்பாரு சாமி" என்றார்கள். இவரும் சரி என்றார்.

பங்களாவுக்குப் போனார். தேநீர் வந்தது. துரை நல்லவிதமாகப் பேசினார், கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு மைதானத்தைத் தருவதாகவும் சொன்னார். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கேட்கவந்த ஒரு சொல்லையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். கீழே காத்திருந்தவர்களிடம், "துரை யோசிக்கிறேன்னு சொன்னார்" என்றார்.

அது பொய்.

மறுநாள் ஹட்டனுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அவரது முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டைக்குப் பயப்பட்டதையும் சிப்பாய்க்குப் பயப்பட்டதையும் சிரித்துக்கொண்டு சொன்னவர், இதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. "அனுமதி போயிரும்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஊழியம் நின்னு போயிரும்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சா, நான் ஊழியத்துக்காகப் பயப்படல. எனக்காகத்தான் பயந்திருக்கேன்."

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் தொழிலில் இத்தகைய கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பலரை எனக்குத் தெரியும். இன்னொரு தேநீர் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் திரும்பிப் போய், அன்று மாலை லயத்து வாசலில் ஆட்களைக் கூட்டி, தான் கேட்கவில்லை என்பதையும், பயந்துவிட்டதையும், பொய் சொன்னதையும் சொல்லிவிட்டார். நான் அங்கு இருக்கவில்லை. இருந்த பலர் பின்னர் எனக்குச் சொன்னார்கள், எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரியே சொன்னார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். இறந்த பெண்ணின் மாமனார்தான் முதலில் வாய் திறந்தாராம்:

"எங்களுக்கும் பயந்தான் சாமி. பயமில்லாட்டி உங்கள ஏன் அனுப்பப் போறோம்?"

மறு வாரம் ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கச்சேரிக்குப் போனார்கள். எங்கள் தோட்டங்களில் ஒப்பீஸைக் கச்சேரி என்று சொல்லும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. இளைஞரும் போனார். பேசியது அவர் அல்லர். இறந்தவரோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த ஒரு பெண் பேசினார். இவர் பின்னால் நின்றார். கால் நடுங்கியது, ஆனாலும் நின்றார். குடும்பத்துக்குச் செலவுக்கென ஒரு தொகை கிடைத்தது. போதாத தொகைதான். லொறியைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, தோட்டத்துக்குள் கூட்டம் நடத்துவதற்கான அனுமதி இனி இல்லை என்று இளைஞருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் பயந்த காரியம் அப்படியே நடந்தது.

சிலர் இதை வைத்து அவரைத் தோல்வியுற்ற ஊழியர் என்றார்கள். அவருடைய சபைக்கு அவர் அனுப்பிய அறிக்கையில், ஞானஸ்நானம் பெற்றோர் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. மதமாற்றம் பற்றி எனக்குச் சொந்தக் கருத்துகள் உண்டு, அவை இங்கு வேண்டாம். ஆனால் தோட்டத்துக்கு வந்து போன எத்தனையோ சாமிமார்களில், மறைவான தன் பயத்தைத் தானாக எடுத்து வாசலில் வைத்தவர் அவர் ஒருவரையே நான் அறிவேன்.

1910 இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலித் தமிழரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மேலைநாட்டு மிஷனரிமாரிடம் தியாகத்துக்குக் குறைவில்லை, நட்புக்குத்தான் குறை என்ற கருத்துப்பட முகத்துக்கு நேரே பேசினார். அந்தப் பேச்சு அன்று பலருக்குக் கசந்தது. அவரும் வீட்டிலிருந்துகொண்டு பேசியவர் அல்லர். 1902 இல் யாழ்ப்பாணம் வந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே கடல் கடந்து ஊழியம் செய்ய ஆள் அனுப்புவதைக் கண்டு வெட்கி, ஊர் திரும்பி, 1903 இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கக் காரணமானார். 1909 இல் தாமே தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கைப் புதிதாகக் கற்றார். புதுமொழி பேசும்போது பெரிய மனிதர்களும் குழந்தையாகிவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் திருத்துகிறார், சிரிக்கிறார். எங்கள் இளைஞருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருக்கும் எங்கள் மக்களுக்கும் மொழி ஒன்று. சிரிக்கவைப்பதற்கு அவருக்கு வேறு எதுவும் அகப்படாமல், வயிற்றோட்டந்தான் அகப்பட்டது.

2002 இல் அவர் ஊருக்குத் திரும்பினார். பிறகு மத்திய இந்தியாவில் எங்கோ ஊழியம் செய்து, இப்போது புதிதாகச் செல்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாக எழுதினார். கடிதங்கள் குறைந்து மின்னஞ்சலாகி, வாட்ஸ்அப்பில் வந்து நின்றிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இலங்கை மலையகத்தைப் பற்றி என்ன சொல்லலாம் அண்ணாச்சி என்று கேட்டிருந்தார். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் பூசவேண்டும் என்பதைச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில் மஸ்கெலியாவுக்கு ஒரு வேலையாகப் போகவேண்டியிருந்தது. அந்த மூதாட்டியையும் பார்த்தேன். கண் மங்கிவிட்டது, காது இன்னும் கூர்மை. இந்தியச் சாமித்தம்பி விசாரித்ததாகச் சொன்னேன். யார் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இப்போது பெரிய ஆளாகிவிட்டார் பாட்டி, மற்றவர்களுக்குப் படித்துக் கொடுக்கிறார் என்றேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வயிறு இப்ப எப்புடி இருக்காம்?" என்று கேட்டார்.